‘ஹேவ்’ என்னும் ஆங்கில வினை: எங்கே ‘ஹேவ்’, எங்கே ‘ஹேவிங்’?

மொழிமாணவி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். தமிழ்வழியில் படித்து முடித்த நான், இப்போது வேலையின் பொருட்டு நாள்தோறும் ஆங்கிலத்தில் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. சென்ற வாரம் ஒரு விண்ணப்பத்தில் ‘ஐ ஆம் ஹேவிங் ஃபைவ் இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று எழுதியிருந்தேன். அதை மேலதிகாரி வட்டமிட்டு, ‘ஐ ஹேவ்’ என்று திருத்தி அனுப்பினார். காரணம் கேட்டபோது, ‘ஹேவ்’ என்ற வினையோடு ‘ஐஎன்ஜி’ ஒருபோதும் சேராது என்றார். ஆனால் அதற்கு மறுநாள் நான் படித்த ஓர் ஆங்கில நாளிதழில் ‘தே ஆர் ஹேவிங் டாக்ஸ்’ (பேச்சு நடத்துகிறார்கள்) என்ற தொடரைக் கண்டேன். நாளிதழில் வந்தது பிழையா, அல்லது எனக்குச் சொல்லப்பட்ட விதி முழுமையற்றதா என்பது முதல் ஐயம்.

இரண்டாவது ஐயம் இதைவிடப் பெரியது. ‘ஐ ஹேவ் எ பிரதர்’ என்பதை ‘எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்’ என்கிறோம். ‘ஐ ஹேவ் எ பென்’ என்பது ‘என்னிடம் ஒரு பேனா இருக்கிறது’ என்றாகிறது. ‘ஐ ஹேவ் எ ஃபீவர்’ என்றால் ‘எனக்குக் காய்ச்சல்’ என்று வினையே இல்லாமல் முடித்துவிடுகிறோம். ‘தி ஹவுஸ் ஹேஸ் த்ரீ ரூம்ஸ்’ என்றால் ‘அந்த வீட்டில் மூன்று அறைகள் உள்ளன’. இவற்றோடு நின்றாலும் பரவாயில்லை. ‘ஐ ஹேவ் டு கோ’ என்பது ‘நான் போக வேண்டும்’ என்றும், ‘ஐ ஹேவ் சீன் இட்’ என்பது ‘நான் அதைப் பார்த்திருக்கிறேன்’ என்றும், ‘வி ஹேட் டின்னர்’ என்பது ‘நாங்கள் இரவு உணவு உண்டோம்’ என்றும் வருகின்றன. அகராதியைப் பிரித்தால் பக்கம் பக்கமாகப் பொருள்கள் நீள்கின்றன. அவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி இல்லையா? இத்தனை பொருள்களுக்கும் அடியில் ஒரே கருத்து இருக்கிறதென்றால் அது எது? அறிந்தவர்கள் விளக்கினால் மிகவும் கடமைப்பட்டிருப்பேன்.

வேற்றுமை

வணக்கம் அம்மா. உங்கள் முதல் ஐயத்திற்கான விடை இரண்டாவதற்குள் இருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

‘எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்’ என்ற தொடரில் எழுவாய் எது என்று பாருங்கள். ‘இருக்கிறான்’ என்ற வினைமுற்றின் விகுதி தம்பியோடு இயைகிறதே தவிர, பேசும் உங்களோடு இயையவில்லை. தம்பிதான் எழுவாய், நீங்கள் ‘கு’ உருபு ஏற்று ஓரமாக நிற்கிறீர்கள். ‘ஐ ஹேவ் எ பிரதர்’ என்பதில் இந்த அமைப்பு தலைகீழாகிறது: அங்கே உடையவர் எழுவாய், உடைமை செயப்படுபொருள். ‘ஒரு பொருள் இருக்கிறது, அதற்கும் இவருக்கும் தொடர்பு உண்டு’ என்று தமிழ் சொல்வதை, ‘இவர் இந்தத் தொடர்பின் தலைவர்’ என்று ஆங்கிலம் திருப்பிச் சொல்கிறது. ‘ஹேவ்’ செய்யும் அடிப்படை வேலை இந்தத் திருப்பல்தான். அது எந்த வகைத் தொடர்பு என்பதை அந்த வினை சொல்வதே இல்லை. உடன் வரும் பெயர்ச்சொல்லைக் கொண்டு கேட்பவர்தான் உணர்ந்துகொள்கிறார். அகராதியில் நீங்கள் கண்ட பொருள்களில் பெரும்பாலானவை உண்மையில் அந்தப் பெயர்ச்சொற்களுக்கு உரியவை.

தமிழோ தொடர்பின் வகையை வேற்றுமை உருபாலேயே காட்டிவிடுகிறது. உறவு, நோய், உணர்வு, அறிவு, உரிமை போன்று ஒருவரோடு ஒட்டிக்கொண்டவற்றுக்கு ‘கு’ வரும். கையிலோ பொறுப்பிலோ உள்ள பொருளுக்கு ‘இடம்’ வரும். ஒரு பொருளின் பகுதிகளுக்கு ‘இல்’ வரும். இவற்றை மாற்றிப் போட்டுப் பார்த்தால் வேறுபாடு எவ்வளவு கூர்மையானது என்பது புலப்படும். ‘என்னிடம் ஒரு தம்பி இருக்கிறான்’ என்றால் யாரோ ஒருவருடைய தம்பி என் பொறுப்பில் இருப்பதாகத் தோன்றும். ‘எனக்கு ஒரு பேனா இருக்கிறது’ என்றால் எனக்கென்று ஒன்றை எடுத்து வைத்திருப்பதாகத் தோன்றும். நம் இலக்கணிகள் ஆறாம் வேற்றுமைக்குப் பொருள் சொல்லும்போது, உடலுறுப்பைப் போலப் பிரிக்க முடியாத உடைமையைத் தற்கிழமை என்றும், வீட்டைப் போலப் பிரித்துக் கொடுக்கக்கூடிய உடைமையைப் பிறிதின்கிழமை என்றும் வகுத்தார்கள். இந்த நுட்பங்கள் அனைத்தையும் ஒரே சொல்லில் கரைத்துவிடுவதுதான் ‘ஹேவ்’ நமக்குப் புதிராகத் தோன்றக் காரணம்.

இந்த வகையில் தமிழ் தனித்து நிற்கவில்லை. ரஷ்ய மொழியில் ‘என்னருகே புத்தகம் இருக்கிறது’ என்ற பொருள்பட ‘உ மென்யா’ என்று தொடங்குவார்கள். இந்தியில் ‘மேரே பாஸ்’ என்பது கைப்பொருளுக்கும், ‘முஜே’ என்பது காய்ச்சலுக்கும் வரும். துருக்கியில் ‘என் கார் உண்டு’ என்ற அமைப்பில் சொல்கிறார்கள். பழைய இலத்தீனிலும் ‘மிஹி எஸ்ட்’, அதாவது ‘எனக்கு இருக்கிறது’ என்ற வழக்கு இருந்தது.

இனி ‘ஹேவிங்’. உங்கள் மேலதிகாரி திருத்தியது சரி. அதற்குச் சொன்ன காரணம்தான் அளவுக்கு மீறிப் போய்விட்டது. தொடர்வினை வடிவம் நிகழ்ச்சிக்கு உரியது, நிலைக்கு உரியதன்று. தொடக்கம், நடு, முடிவு என்று நீளும் ஒன்றின் நடுவில் நின்றுகொண்டு பேசும்போதுதான் ‘ஐஎன்ஜி’ தேவைப்படுகிறது. தமிழின் ‘-கொண்டிரு’ என்பதும் அவ்வாறே நடந்துகொள்கிறது. ‘எனக்கு ஐந்து ஆண்டு அனுபவம் இருந்துகொண்டிருக்கிறது’ என்று நாம் சொல்வதில்லை. ‘பேச்சு நடத்திக்கொண்டிருக்கிறார்கள்’ என்று தாராளமாகச் சொல்கிறோம். ஆகவே நீங்கள் கண்ட நாளிதழ்த் தொடரில் பிழை இல்லை.

என் மாணவர்களுக்கு நான் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. தொடரைத் தமிழில் ‘உண்டு’ என்று முடித்துப் பாருங்கள். பொருள் கெடாமல் நின்றால் ‘ஹேவ்’. ‘நடத்து’, ‘சாப்பிடு’, ‘அனுபவி’, ‘பெறு’ போன்ற செயல்வினை ஒன்று தேவைப்பட்டால் ‘ஹேவிங்’ வர இடம் இருக்கிறது. ‘வி ஹேவ் எ மீட்டிங்’ என்றால் ‘எங்களுக்குக் கூட்டம் உண்டு’. அது இன்னும் தொடங்காமலும் இருக்கலாம். ‘வி ஆர் ஹேவிங் எ மீட்டிங்’ என்றால் கூட்டம் நடந்துகொண்டிருக்கிறது, அல்லது நடத்துவதாக ஏற்பாடு ஆகியிருக்கிறது. ‘ஷி ஹேஸ் எ பேபி’ என்றால் அவருக்குக் குழந்தை உண்டு. ‘ஷி இஸ் ஹேவிங் எ பேபி’ என்றால் அவர் குழந்தை பெறப்போகிறார். இந்த இரண்டாவது இணையை ஒருமுறை மனத்தில் பதித்துக்கொண்டால் பிறகு தடுமாற்றம் வராது என்பது என் அனுபவம்.

நாம் தொடர்ந்து ‘ஐ ஆம் ஹேவிங்’ என்று எழுதிவிடுவதற்குக் காரணம் அறியாமை அன்று. தமிழின் நிகழ்கால ‘-கிறேன்’ ஆங்கிலத்தின் இரண்டு நிகழ்கால வடிவங்களுக்கும் பொதுவானது. ‘படிக்கிறேன்’ என்பது ‘ஐ ரீட்’ ஆகவும் ‘ஐ ஆம் ரீடிங்’ ஆகவும் இருக்கலாம். பள்ளியில் ‘-கிறேன்’ என்றாலே ‘ஆம்’ போட்டு ‘ஐஎன்ஜி’ சேர் என்று பழகிவிட்டால், ‘வைத்திருக்கிறேன்’, ‘தெரிகிறது’, ‘புரிகிறது’ எல்லாம் அந்தப் பாதையிலேயே போய்விடுகின்றன.

மொழிமாணவி

மிக்க நன்றி ஐயா. ‘உண்டு’ சோதனையை இன்று ஐந்தாறு தொடர்களில் பயன்படுத்திப் பார்த்தேன். ஓரிடத்தில் மட்டும் தயங்கி நின்றேன். ‘எனக்குத் தலைவலி’ என்பது நிலையா, நிகழ்ச்சியா? ‘ஐ ஹேவ் எ ஹெட்ஏக்’ என்றுதான் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் ‘ஐ ஆம் ஹேவிங் ட்ரபிள்’ என்று ஆங்கிலேயர்களே எழுதுகிறார்கள். இரண்டுமே துன்பங்கள்தாமே?

வேற்றுமை

நல்ல கேள்வி. தலைவலி, காய்ச்சல், சளி ஆகியவற்றை ஆங்கிலம் ஒருவரிடம் உள்ள நிலையாகவே கருதுகிறது. எனவே ‘ஐ ஹேவ்’ என்பதே பொதுவழக்கு. ‘ட்ரபிள்’ என்னும்போது ஒரு வேலையைச் செய்ய முயன்று, முடியாமல், மீண்டும் முயல்வது என்ற ஓட்டம் உள்ளே இருக்கிறது. தமிழிலும் ‘சிரமப்பட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்கிறோம் அல்லவா? திடீரென்று தொடங்கி ஓடி முடியும் மாரடைப்பு, வலிப்பு போன்றவற்றுக்கும் ‘ஹீ இஸ் ஹேவிங்’ என்றே வரும். நோய் என்ற தலைப்பை விட்டுவிட்டு, அது ஓடுகிறதா, நிற்கிறதா என்று பாருங்கள்.

சொல்வேர்

மேலே கூறப்பட்டவற்றை ஏற்றுக்கொண்டு, சொல்லின் வரலாற்றிலிருந்து சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். அடிக்கருத்து எது என்று கேட்டிருந்தீர்கள் அல்லவா?

‘ஹேவ்’ என்பதன் பழைய ஆங்கில வடிவம் ‘ஹப்பன்’. ஜெர்மன் மொழியின் ‘ஹாபென்’ இதன் உடன்பிறப்பு. இவற்றின் மூலமாக அறிஞர்கள் மீட்டுருவாக்கும் இந்தோ-ஐரோப்பிய வேரின் பொருள் ‘பற்று, பிடி’ என்பது. அந்த வேரிலிருந்து இலத்தீனில் பிறந்த சொல் ‘காபெரே’. ஆங்கிலத்தின் ‘கேப்சர்’ அதிலிருந்து வந்தது. இலத்தீனில் ‘க’ ஒலி நிற்கும் இடத்தில் ஜெர்மானிய மொழிகளில் ‘ஹ’ ஒலி நிற்பது ஓர் ஒழுங்கான மாற்றம். ஜெர்மன் மொழியறிஞர் யாக்கோப் கிரிம் 1822-இல் வகுத்துக் காட்டிய விதியின் ஒரு பகுதி அது. இலத்தீனின் ‘கெண்ட்டும்’ ஆங்கிலத்தில் ‘ஹண்ட்ரெட்’ ஆகவும், ‘கொர்னு’ என்பது ‘ஹார்ன்’ ஆகவும் நிற்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த விதி தெரிந்தால் ஒரு பெரிய மயக்கம் தீரும். இலத்தீனில் ‘உடைத்தாயிரு’ என்ற பொருளில் ‘ஹபேரே’ என்ற வினை இருக்கிறது. ஒலியிலும் பொருளிலும் ‘ஹேவ்’ போலவே இருப்பதால் இரண்டும் ஒரே சொல் என்று எவரும் நினைப்பார்கள். ஆனால் அவை உறவற்றவை. ‘ஹபேரே’ என்பதன் வேர், ஆங்கிலத்தின் ‘கிவ்’ என்ற சொல்லோடுதான் சேர்த்து எண்ணப்படுகிறது.

ஆக, பற்றுதல் என்பதிலிருந்து உடைமை வந்தது. உடைமையிலிருந்து ‘ஐ ஹேவ் சீன்’ என்ற துணைவினை எப்படி வந்தது? பழைய ஆங்கிலத்தில் ‘பிடிக்கப்பட்ட நிலையில் மீனை உடையேன்’ என்ற அமைப்பில் சொல்வார்கள். மீன் கையில் இருக்கிறது. அது பிடிக்கப்பட்ட மீன். நாளடைவில், கையில் இருப்பது முக்கியமற்றுப் போய், பிடித்து முடித்தேன் என்ற கருத்து மேலோங்கியது. எனவேதான், இன்றுவரை அந்த வடிவத்தில் நிகழ்காலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது: செயல் கடந்ததாயினும் அதன் பயன் இப்போது என்னிடம் உள்ளது.

தமிழரான நமக்கு இது எளிதில் விளங்க வேண்டும். நாமும் ‘பார்த்து’ என்ற எச்சத்தோடு ‘இரு’ என்னும் நிகழ்கால வினையைச் சேர்த்துத்தான் ‘பார்த்திருக்கிறேன்’ என்கிறோம். ஆனால் ஒப்புமை ஓரிடத்தில் முறிகிறது; பிழைகள் அங்கேதான் பிறக்கின்றன. காலையில் கதவைத் திறந்து, நனைந்த தரையைப் பார்த்துவிட்டு, ‘நேற்றிரவு மழை பெய்திருக்கிறது’ என்கிறோம். அந்த ‘இருக்கிறது’ நாம் சான்றைக் கொண்டு ஊகிக்கிறோம் என்பதைக் காட்டுகிறது. ஆங்கிலத்தின் ‘ஹேஸ் ரெயின்ட்’ என்பதற்கு அந்த ஊகப்பொருள் இல்லை. மேலும் ‘நேற்று’, ‘சென்ற ஆண்டு’ என்று முடிந்துபோன காலத்தைக் குறிக்கும் சொல் வந்தால் அந்த வடிவமே நிற்காது. ‘இட் மஸ்ட் ஹேவ் ரெயின்ட் லாஸ்ட் நைட்’ என்றுதான் எழுத வேண்டும். ‘ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே’ என்ற பிழையை நான் ஆண்டுக்கணக்கில் எழுதியவன். பொருளைத் தமிழில் சரியாக நினைத்து, வடிவத்தை மட்டும் சொல்லுக்குச் சொல்லாக மாற்றியதால் நேர்ந்தது அது.

எதிர்த்திசையிலும் ஒரு பொறி உண்டு. ‘பத்து ஆண்டுகளாக இங்கே வசிக்கிறேன்’ என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதை, ஆங்கிலம் ‘ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்’ என்று ‘ஹேவ்’ போட்டே சொல்லும்.

பெயர்ப்பவள்

நான் மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவள். ‘வேற்றுமை’ ஐயா அவர்களின் விளக்கம் சிறப்பானது. ஆயினும், உடையவரை எழுவாயாக்கும் வினை தமிழில் இல்லை என்று எவரும் அதைப் புரிந்துகொள்ளக் கூடாது. ‘அவர் இரண்டு கார் வைத்திருக்கிறார்’ என்கிறோமே, அதில் ‘வைத்திரு’ கிட்டத்தட்ட ‘ஹேவ்’ செய்யும் வேலையைத்தான் செய்கிறது. ஆனால் அது பிறிதின்கிழமைக்கு மட்டுமே பொருந்தும். ‘அவர் இரண்டு தம்பிகளை வைத்திருக்கிறார்’ என்று சொல்ல முடியாது. காய்ச்சலையும் யாரும் வைத்திருப்பதில்லை. ‘ஹேவ்’ என்பதும் ‘பற்று’ என்ற பொருளில் தொடங்கியது என்று ‘சொல்வேர்’ எழுதியதைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. ஆங்கிலச் சொல் கையை விட்டு வெளியேறி எல்லாத் தொடர்புகளுக்கும் பரவிவிட்டது. நம் சொல் கையளவிலேயே நின்றுவிட்டது.

இதைச் சொல்ல வந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. ‘ஹேவ்’ தமிழர் எழுதும் ஆங்கிலத்தை மட்டும் பாதிக்கவில்லை. தமிழர் எழுதும் தமிழையும் பாதிக்கிறது. ‘இந்தக் கட்டடம் பத்து மாடிகளைக் கொண்டுள்ளது’, ‘இவர் மூன்று மகள்களைக் கொண்டுள்ளார்’, ‘இந்நூல் பல சிறப்புகளைப் பெற்றுள்ளது’ என்ற தொடர்கள் செய்திகளில் நிறைந்துவிட்டன. ‘கொண்டுள்ளது’ என்பது உள்ளடக்கம் என்ற பொருளில் நல்ல தமிழ்தான். ‘இத்தொகுப்பு இருபது கட்டுரைகளைக் கொண்டது’ என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் மகள்களை எப்படி ஒருவர் கொண்டிருக்க முடியும்? ‘இவருக்கு மூன்று மகள்கள்’ என்ற மூன்றே சொற்களில் முடிவதை, வினை வேண்டும் என்பதற்காகவே நீட்டுகிறோம். வினையில்லாத் தொடர் குறைபாடுடைய தொடர் அன்று. அது தமிழின் இயல்பான வலிமை. மொழிபெயர்க்கும்போது ‘ஹேவ்’ கண்ணில் பட்டதும் நான் முதலில் செய்வது, அந்தச் சொல்லை மறந்துவிட்டு, இவருக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பதுதான்.

வேற்றுமை

ஏற்றுக்கொள்கிறேன் அம்மா. ‘வைத்திரு’ என்பதை நான் குறிப்பிட்டிருக்க வேண்டும்.

நடைமுறை

எல்லோரும் உடைமையைப் பற்றியே பேசுவதால், கடிதங்களில் அடிக்கடி தேவைப்படும் இரண்டு இடங்களை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, பிறரைக்கொண்டு செய்வித்தல். முடிதிருத்துபவரிடம் போய் வந்தபின் ‘ஐ கட் மை ஹேர்’ என்று எழுதினால், கத்தரிக்கோலை எடுத்துத் தாமே வெட்டிக்கொண்டதாகப் பொருள் கொள்ள இடமுண்டு. ‘ஐ ஹேட் மை ஹேர் கட்’ என்பதே தெளிவான வடிவம். ‘முடி வெட்டிக்கொண்டேன்’ என்ற தமிழ்த் தொடரில் வெட்டியவர் யார் என்பது சொல்லப்படாமலே விளங்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த வேலையை ‘ஹேட்’ செய்கிறது. ‘வீட்டுக்கு வண்ணம் பூசினோம்’, ‘வண்டியைப் பழுது பார்த்தேன்’ என்பவற்றையும் ஆள் வைத்துச் செய்திருந்தால் இதே அமைப்பில்தான் எழுத வேண்டும். நாமே விரும்பிச் செய்விக்காதவையும் இந்த அமைப்பில் வரும்: ‘ஷி ஹேட் ஹெர் பர்ஸ் ஸ்டோலன்’ என்றால் அவருடைய பணப்பை திருட்டுப் போயிற்று என்று பொருள், அவர் திருடச் சொன்னார் என்று பொருள் அன்று.

மற்றொன்று ‘ஹேவ் டு’. இதன் எதிர்மறையில்தான் ஆபத்து இருக்கிறது. ‘யூ மஸ்ட் நாட் கம்’ என்றால் ‘வரக் கூடாது’. ‘யூ டோன்ட் ஹேவ் டு கம்’ என்றால் ‘வர வேண்டியதில்லை’, வந்தால் தடையும் இல்லை. தமிழில் ‘வர வேண்டாம்’ என்பது இரண்டுக்கும் நடுவே நிற்பதால், அதை மனத்தில் வைத்து ஆங்கிலம் எழுதும்போது எதிர்பாராத கடுமை ஏறிவிடுகிறது. ‘கூடாது’, ‘வேண்டியதில்லை’ என்ற இரண்டில் எது என்று முதலில் தீர்மானித்துக்கொண்டால் போதும். பேச்சைக் கவனிக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு: இந்தப் பொருளில் ‘ஹேவ்’ என்பதன் கடைசி ஒலி, அடுத்து வரும் ‘ட்’ ஒலியால் ‘ஃப்’ ஆக மாறி, ‘ஹேஃப்ட்டு’ என்றே பெரும்பாலும் ஒலிக்கும்.

மொழிமாணவி

ஒவ்வொருவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. இவ்வளவு அக்கறையோடு விடை வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அனுபவம் என்பது ‘உண்டு’ என்று முடிவதால் என் வரியை ‘ஐ ஹேவ் ஃபைவ் இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று மாற்றியிருக்கிறேன். ‘சொல்வேர்’ எழுதியதைப் படித்தபின் ‘ஐ ஹேவ் வொர்க்ட் இன் திஸ் ஃபீல்ட் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்றும் எழுதலாமே என்று தோன்றியது. இரண்டில் எதை வைத்துக்கொள்வது?

சொல்வேர்

இரண்டும் சரியானவை. முதல் தொடரில் ‘ஆஃப்’ சேர்த்தது நல்லது. அது இல்லாமல் எழுதினால் ‘இயர்ஸ்’ என்பதை அடுத்து உடைமைக்குறி இட வேண்டும், அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். முதல் தொடர் உங்களிடம் சேர்ந்துள்ள அனுபவத்தின் அளவை மட்டும் சொல்கிறது. நீங்கள் இப்போது அந்தத் துறையில் இல்லாவிட்டாலும் அது பொருந்தும். இரண்டாவது தொடர் ‘ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்று முடிவதால், ஐந்து ஆண்டுகளாகச் செய்கிறீர்கள், இன்றும் செய்துவருகிறீர்கள் என்றே படிப்பவர் இயல்பாக எடுத்துக்கொள்வார். இப்போதும் அதே துறையில் பணிபுரிகிறீர்கள் என்றால் நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பேன்.